கோடி கோடி டாலர் வந்த வீடு

பணம் இல்லையே என்று பயந்தது எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. பணம் வந்துவிட்டதே என்று பயந்தது ஒரே ஒருமுறைதான். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றால் போதும், ஓடிப்போய்க் கதவைத் தாழ் போடுவேன். பத்தொன்பது நாள் அப்படி இருந்தேன். எனக்குப் பயம் வந்தால் கூடவே கோபமும் வரும், அது பிறவிக் குணம். அந்தப் பத்தொன்பது நாளும் பால்காரர் முதற்கொண்டு யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன்.

நான் பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண். பத்தாவது வரை படித்தேன். அத்தை மகனைக் கட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டி ஆந்திராவில் இருக்கிற நகரிக்கு வந்தேன். எல்லையைத் தாண்டி என்றால் என்னவோ கடலைத் தாண்டியதுபோல இருக்கிறது. பஸ் ஏறினால் வந்துவிடலாம். அங்கே போர்டெல்லாம் தமிழில் இருக்கும், இங்கே தெலுங்கில் இருக்கும், பேச்சு ஒன்றுதான். வீட்டின் பின்பக்கம் நான்கு விசைத்தறி ஓடியது. என் வீட்டுக்காரர் தறி ஓட்டுவதோடு நிற்காமல் ஊரில் எந்தத் தறி மக்கர் பண்ணினாலும் போய் ரிப்பேர் பார்க்கும் மேஸ்திரியாகவும் இருந்தார். மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். எங்களுக்கு அப்போது குழந்தையும் இல்லை. வீட்டில் அவரும் நானும் அத்தையும்தான்.

நூல் விலை ஏறிக்கொண்டே போன காலம் அது. துணி விலை மட்டும் நின்ற இடத்தில் நின்றது. வெளியிலிருந்து வருகிற மில் துணி சந்தையில் குவிந்தது. கரண்ட் வேறு வேளை தவறாமல் போனது. தெருவில் வீட்டுக்கு ஒருவர் குவைத்துக்குக் கிளம்பினார்கள். என் வீட்டுக்காரரிடம் ஓர் ஏஜெண்ட் வந்து ஜிம்பாப்வே என்றார். ஆப்பிரிக்காவில் இருக்கிறதாம். துணி மில்லில் தறி மேஸ்திரி வேலை, சம்பளம் டாலரில். டாலர் என்ற வார்த்தையைக் கேட்டபிறகு அத்தைக்கு வேறு கேள்வியே எழவில்லை. எனக்கும்தான் எழவில்லை, இப்போது அத்தையை மட்டும் சொல்லி என்ன செய்ய.

அவர் கிளம்பிய அன்று காலையில் அத்தை ஒரு வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காயவைத்து, அதில் பதினோரு ரூபாயை வைத்து முடிந்தார். எங்கள் பக்கத்தில் இதை முடிப்பு என்போம். திருமலைப் பெருமாளிடம் ஒன்றை வேண்டிக்கொண்டால் இப்படி முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட வேண்டும். வேண்டியது நடந்ததும் மலையேறி உண்டியலில் போட வேண்டும். அதுவரைக்கும் அவிழ்க்கக் கூடாது. உள்ளே போனது பெருமாளுடையது. வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லாவிட்டாலும் யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள், திருட வந்தவன்கூட அதைத் தொடாமல் போவான். தொட்டால் வட்டியும் முதலுமாக வாங்கிக்கொள்ளுகிற சாமி அவர். வட்டிக்காசு வாங்குகிறவர், வட்டிகாசுலவாடு என்று தெலுங்கில் சும்மாவா பெயர் வைத்தார்கள். அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான். பிள்ளை முழுசாகத் திரும்பி வர வேண்டும்.

முதல் வருஷம் ஒழுங்காகப் பணம் வந்தது. கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட்டோம். அதற்குப் பிறகு பணம் குறைந்து, நின்றது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் வரும். அங்கே விலையெல்லாம் காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று என்று ஒருதரம் சொன்னார். இங்கே மட்டும் என்னவாம், புளி விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது என்றார் அத்தை. அவர் அந்தப் பக்கம் சிரித்தார். அதற்குமேல் அவர் எங்களிடம் எதையும் விளக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த வருஷம் சங்கராந்தி வந்தது, போனது, போன் வரவில்லை. ஐந்து ஞாயிறு இப்படியே போயிற்று. நான் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டே சமைத்தேன், துணி துவைத்தேன். தூக்கம் என்பது போய்விட்டது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் புத்தூர்க்காரர் ஒருவர் வந்தார். கரண்ட் போய்த் தறியெல்லாம் நின்றிருந்த நேரம். என் வீட்டுக்காரரோடு அதே மில்லில் வேலை பார்த்தவராம், ஊருக்கு வந்து நான்கு நாள் ஆகிறதாம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது. மூன்று சொம்பு தண்ணீர் குடித்தார். பிள்ளை எப்படி இருக்கிறான் என்று அத்தை கேட்டதற்கு, இருக்கிறார் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். அவர் கொடுக்கச் சொன்னார் என்றார். பிரித்தால் உள்ளே கடுதாசி இல்லை. ஒரே ஒரு நோட்டு இருந்தது.

ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிவைத்ததுபோல மூன்று பாறை படம். கீழே விழுந்துவிடுமோ என்று தோன்றும் பாறை. பின்பக்கம் ஓர் அருவியும் எருமைத் தலையும். ஓரத்தில் ஒன்று போட்டு, அதற்குப் பின்னால் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அடியில் இங்கிலீஷில் டாலர்ஸ் என்று இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அத்தை என் கையிலிருந்து அதைப் பிடுங்காத குறையாக வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். ஏடுகொண்டலவாடா, ஏழுமலையானே, என் பிள்ளையைக் காப்பாற்றினாய் என்று அழுதார். புத்தூர்க்காரர் வாயைத் திறந்தார், மூடினார். அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பத்திரமா இருங்கம்மா" என்று மட்டும் சொன்னார். காப்பி போடுகிறேன், உட்காருங்கள் என்று நான் உள்ளே போய்த் திரும்புவதற்குள் ஆள் இல்லை.

அவர் போனதும் நான் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அந்த எண்ணை எழுதிப் பார்த்தேன். பதினான்கு பூஜ்யம். ஒன்று, பத்து, நூறு என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனால் ஏழாவது பூஜ்யத்தில் ஒரு கோடி ஆகிவிட்டது. இன்னும் ஏழு மிச்சம் இருந்தது. அதாவது கோடியைக் கோடியால் பெருக்க வேண்டும். கோடி கோடி. அதுவும் ரூபாய் இல்லை, டாலர். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எழுதிய தாளைக் கிழித்துச் சுக்கலாக்கினேன்.

ஒரு தறி மேஸ்திரி இத்தனை பணத்தை எப்படிச் சம்பாதிப்பான்? மாசக்கணக்காகப் பணம் அனுப்பாதவர், ஐந்து வாரமாகப் போன் பண்ணாதவர், கோடி கோடி டாலரைக் கவரில் போட்டுக் கொடுத்து அனுப்புகிறார் என்றால் என்ன அர்த்தம்? திருடிவிட்டாரா? யாரையாவது ஏமாற்றிவிட்டாரா? கொண்டுவந்த ஆள் ஏன் தரையைப் பார்த்தான்? இதற்காக அவரை அங்கே அடைத்துவைத்திருக்கிறார்களோ, இல்லை இதற்குமேலும் ஏதாவது ஆகிவிட்டதோ? அத்தையிடம் சொன்னேன். அத்தை முதலில் என்னைத் திட்டினார். பிறகு அவருக்கும் பயம் தொற்றிக்கொண்டது.

அதை எங்கே வைப்பது என்பதே பெரிய பாடாகிவிட்டது. பீரோவில் வைத்தேன். பீரோ சாவி லொடலொடவென்று இருக்கிறது என்று அரிசி டிரம்முக்கு மாற்றினேன். எலி கடித்துவிட்டால் என்று தறிக்கு அடியில் ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். கூலிக்கு வருகிறவர்கள் அங்கே குனிந்தால் நானும் ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்பேன். பாங்கிக்குக் கொண்டுபோகலாம் என்றால், எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், போலீஸ் வரும், அவர் பெயர் வெளியே வரும். யாரிடமும் வாய் திறக்க வேண்டாம் என்று அத்தையும் நானும் பேசிவைத்துக்கொண்டோம். அதிலிருந்து வாசல் கதவைப் பகலிலும் தாழ் போட்டோம். பக்கத்து வீட்டுக்காரி என்னடி புதுசாய்க் கதவெல்லாம் சாத்துகிறீர்கள், புதையல் கிடைத்ததா என்று கேலி பண்ணினாள். உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்று கத்திவிட்டேன். பாவம், அவள் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

நான்காம் நாள் அத்தைக்கு ஒரு யோசனை வந்தது. இந்த வீட்டில் எவனும் தொடாத இடம் ஒன்றுதான் இருக்கிறது, ஆணியில் தொங்குகிற முடிப்பு என்றார்.

"பழசெ அவுக்க வேணாம்மே. அது மேலயே இன்னொரு மஞ்ச துணி போட்டு, நோட்ட நடுவுல வெச்சிக் கட்டிடு. உள்ள கீறது அவருது, வெளிய கீறது நம்முது."

எனக்கு அது சரியாகப் பட்டது. பயந்தவளுக்கு எதுதான் சரியாகப் படாது. நோட்டை நான்காக மடித்துப் பழைய முடிப்பின்மேல் வைத்து, புது மஞ்சள் துணி சுற்றி முடிச்சுப் போட்டேன். பழக்க தோஷம், வாய் தன்னால் கோவிந்தா என்றது. அத்தையும் கோவிந்தா என்றார். குங்குமம் வைத்து ஆணியில் மாட்டியபிறகுதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கோவிந்தா சொல்லிக் குங்குமம் வைத்துக் கட்டியது யாருடையது? அத்தை அடுப்படிக்குப் போய்விட்டார்.

அன்றைக்குத் தொடங்கியது இன்னொரு பயம். போலீஸ் பயம், திருடன் பயம் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பதினோரு ரூபாய்க்குப் பிள்ளையைக் கேட்டோம். இப்போது கோடி கோடி டாலரை பெருமாள் மடியில் போட்டுவிட்டு, இது உனக்கில்லை என்கிறோம். எடுத்தால் வட்டி கேட்பார். கோடி கோடிக்கு வட்டி என்றால் எதை எடுத்துக்கொள்வார்? எங்களிடம் இருந்தது நான்கு தறியும், எங்கேயோ கண் காணாத தேசத்தில் ஓர் ஆளும். அந்த மஞ்சள் மூட்டையைப் பார்க்காமல் சாமி கும்பிடப் பழகினேன். விளக்கேற்றும்போது தலையைக் குனிந்துகொள்வேன்.

பதினாறாம் நாள் பகல் பதினோரு மணிக்குப் போன் அடித்தது. நீளமான நம்பர். எடுத்ததும் என் வீட்டுக்காரருடைய இருமல்தான் முதலில் கேட்டது. உயிர் போய் உயிர் வந்தது எனக்கு.

"வந்துச்சா மே? அந்த நோட்டு வந்து சேந்துச்சா?"

"வந்துச்சி மாமா. பத்திரமா கீது. நீ இன்னா பண்ற, எப்டி கீற?"

லைன் இருக்கிறதா என்று நான் போனைக் காதில் அழுத்திக்கொண்டேன்.

"பத்திரமா வெச்சிக்கினு கீறியா" என்றார். பிறகு, "பணம் எப்ப" என்று ஆரம்பித்தார். கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன், போகவே இல்லை.

பணம் எப்போது மாற்றப் போகிறாய் என்று கேட்கிறார் என்று நினைத்தேன். அத்தையும் அப்படித்தான் நினைத்தார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறதுபோல இருந்தது. யாரோ அவரைப் பிடித்துவைத்துப் பணம் கேட்கிறார்கள் என்று முடிவே பண்ணிவிட்டேன். நோட்டை மாற்றியே ஆக வேண்டும். அத்தை முடிப்பை அவிழ்க்க விடவில்லை. இரண்டு நாள் அதற்காகச் சண்டை போட்டோம். கடைசியில் ஒரு வழி சொன்னார். வீட்டில் அவிழ்க்க வேண்டாம், முடிப்பை அப்படியே திருப்பதிக்கு எடுத்துப் போவோம், மாற்றுகிற கடையில் மேல் துணியை மட்டும் பிரிப்போம், மலையடிவாரத்தில் இருந்துகொண்டு செய்தால் பெருமாளிடம் சொல்லிவிட்டுச் செய்ததாக இருக்கும் என்றார்.

பத்தொன்பதாம் நாள் காலையில் தலைக்குக் குளித்து மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல் இருவரும் பஸ் ஏறினோம். பார்க்கிறவர்களுக்கு வேண்டுதலுக்குப் போகிறவர்கள் மாதிரி இருந்திருக்கும். முடிப்பை ரவிக்கைக்குள் வைத்திருந்தேன். புத்தூரில் ஏறிய ஓர் ஆள் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். ரேணிகுண்டா வரைக்கும் நான் மூச்சு விட்டேனா என்றே தெரியவில்லை. அவர் பாவம், ஜன்னல் பக்கம் காற்று வாங்க எட்டிப் பார்த்தார். நான் முறைத்த முறைப்பில் எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டார். அத்தை வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டு வந்தார்.

திருப்பதியில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் வெளிநாட்டுப் பணம் மாற்றித் தருகிற கடை இருந்தது. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து சாமி கும்பிட வருகிறவர்கள் அங்கேதான் மாற்றுவார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கூச்சோண்டம்மா என்று உட்காரச் சொன்னார். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினார். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் விரலுக்கு அந்த முடிச்சு அவிழவே மாட்டேன் என்றது. நானே போட்ட முடிச்சு. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தேன். உள்ளே இருந்த பழைய முடிப்பை அத்தை கையில் கொடுத்துவிட்டு, நோட்டைப் பிரித்துத் தடுப்புக்கு அடியில் தள்ளினேன். மஞ்சள் ஏறியிருந்தது. யார் கேட்டாலும் எங்களை மாட்டிவிடாதீர்கள் ஐயா என்று கும்பிட்டேன்.

அவர் நோட்டைப் பார்த்தார். சிரிப்பார் என்றோ போனை எடுப்பார் என்றோ நான் காத்திருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எவரு பம்பிஞ்சாரு? யாரு அனுப்பினாங்கம்மா?"

என் வீட்டுக்காரர் என்றேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். இந்த மாதிரி நோட்டு இரண்டு மூன்று பேர் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்களாம். அந்த ஊரில் அரசாங்கம் நோட்டை அடித்து அடித்து விட்டதாம். விலை ஏற ஏறப் பூஜ்யத்தைச் சேர்த்துக்கொண்டே போனார்களாம். பகலில் சம்பளம் வாங்கியவன் ஓட்டமாகக் கடைக்கு ஓடுவானாம், நடந்து போனால் அதற்குள் விலை ஏறிவிடுமாம். அமெரிக்க டாலர் வேறு, இது வேறு. இப்போது அந்த ஊர்க் கடைக்காரர்களே இதை வாங்குவதில்லையாம். இதற்கு இங்கே ஒரு டீகூடக் கிடைக்காது என்றார். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"இத அனுப்பினவருக்கு மொதல்ல சாப்பாடு கெடைக்குதான்னு கேளுங்கம்மா."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பணம் எப்ப என்று போனில் என் வீட்டுக்காரர் கேட்டது காதுக்குள் கேட்டது. பணம் எப்போது அனுப்புவாய் என்று கேட்டிருக்கிறார். ஊருக்கு வர வழி இல்லாமல், கையில் இருந்த சம்பள நோட்டை எடுத்து, இதுதான் என் நிலைமை, பாருங்கள் என்று காட்டியிருக்கிறார். நாங்கள் அதற்குக் குங்குமம் வைத்து ஆணியில் மாட்டியிருக்கிறோம். பத்தொன்பது நாள். அவர் அங்கே என்ன தின்றாரோ, எங்கே படுத்தாரோ. நான் பால்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

திரும்பும் வழியில் புத்தூரில் இறங்கினோம். விசாரித்துக்கொண்டு நோட்டைக் கொண்டுவந்தவர் வீட்டுக்குப் போனோம். வெளியே கட்டிலில் படுத்திருந்தார், எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தெருவென்றுகூடப் பார்க்காமல் நான் கத்தினேன்.

"வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு இருந்த? ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்நேரம் வந்து எறங்கியிருப்பாரே!"

சொல்லத்தான் வந்தாராம். மில் மூடி ஒன்றரை மாதமாம். அவருடைய மச்சான் குவைத்திலிருந்து டிக்கெட் எடுத்துக் கொடுத்ததால் அவர் வந்துவிட்டார். என் வீட்டுக்காரருக்கு எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. புத்தூர்க்காரர் கிளம்பும்போது மில் கேட்டுக்கு வந்து அந்த நோட்டைக் கொடுத்து, இதைக் காட்டு, இது ஒரு மாசச் சம்பளம், இதற்கு ஒரு ரொட்டி வராது என்று சொல், எதையாவது விற்று டிக்கெட் எடுக்கச் சொல் என்றாராம். பெரியம்மா அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார்கள், எனக்கு நாக்கு எழவில்லை, நாலு நாள் கழித்துச் சொல்லலாம் என்று இருந்தேன், பிறகு காய்ச்சலில் விழுந்துவிட்டேன் என்று அவரும் அழுதார். அவரை என்ன செய்வது. மில் ஆபீசில் இன்னும் ஒரு கிளார்க் இருக்கிறார் என்று அவருடைய நம்பரை எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் மூன்று தறியை விற்றோம். ஓடுகிற தறியை யாரும் கேட்கவில்லை, எல்லோரும் விற்கிற பக்கம்தான் இருந்தார்கள். இரும்புக் கடைக்காரர் வந்து கிலோக் கணக்கில் தூக்கினார். அதோடு என் கழுத்துச் செயினும் போயிற்று. திருப்பதியில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் எடுத்து, டிக்கெட் நம்பரை மில் கிளார்க்குக்குப் போனில் சொல்ல இரண்டு நாள் பிடித்தது. சொன்னபிறகும் என் வீட்டுக்காரர் கையில் சேர்ந்ததா என்று தெரியவில்லை. அந்த ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முன்பு பணம் இருக்கிறதே என்று பயந்தேன். இப்போது ஆள் இருக்கிறாரா என்று பயந்தேன். இரண்டாவது பயத்தில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அத்தையும் நானும் ஒரே தட்டில் போட்டுப் பிசைந்து, தின்னாமல் எடுத்துவைப்போம்.

மெட்ராஸ் ஏர்போர்ட்டில் அவர் வெளியே வந்தபோது நான் வேறு யாரையோ தேடிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, காலில் யாருடையதோ பெரிய செருப்பு. அத்தைதான் முதலில் கண்டுபிடித்தார். அந்த மாசமே நடந்தே மலையேறி மொட்டை போட்டு முடிப்பை உண்டியலில் சேர்த்தோம். அத்தை அந்த நோட்டையும் மடித்து அதிலேயே போட்டுவிட்டார். அதற்கு மதிப்பில்லை என்று நான் சொன்னேன். மதிப்பு இருக்கோ இல்லையோ, பெருமாளோடு எனக்கு வழக்கு வேண்டாம் என்றார்.

அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஊரில் என் வீட்டுக்காரருக்குத் தறி ரிப்பேர் வேலை மறுபடியும் கிடைத்தது. முதல் கூலி வாங்கிய அன்று மத்தியானம் அவர் வீட்டுக்கு வரவில்லை. தேடிக்கொண்டு போனால் மளிகைக் கடையில் மூச்சு வாங்க நிற்கிறார். வாங்கிய கூலி முழுக்க அரிசி, ஒன்பது சோப்பு, நான்கு பாக்கெட் உப்பு. கையில் பத்து ரூபாய்கூட இல்லை. அடுத்த வாரமும் அப்படியே. காசு கையில் இருந்தால் அவருக்கு வியர்க்கும். நாளைக்கு வாங்கலாம் என்றால், நாளைக்கு இது இருக்காது என்பார். சொல்லும்போது கண் வேறெங்கோ இருக்கும். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கத்திவிட்டேன். இது உன் ஜிம்பாப்வே இல்லை, நகரி, சோப்பு எங்கேயும் ஓடிவிடாது என்றேன். அவர் டிரம்மில் அரிசியைக் கொட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. கொட்டிக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கி போன்ல பத்திரமா கீதுன்னு சொன்னியே. அந்தப் போன் பேசறதுக்குத்தான் என் ஷூவ வித்தேன். நோட்டப் பாத்தும் இவங்க பத்திரமா கீதுங்கறாங்களே, சரி, பணம் அனுப்ப மனசில்ல போலன்னு நெனச்சிக்கினேன்."

மில்லில் அவரோடு இருந்த இரண்டு ஒடிசாக்காரர்கள் பக்கத்து நாட்டுக்கு ஆற்றைக் கடந்து போகத் திட்டம் போட்டிருந்தார்களாம். பேப்பர் எதுவும் இல்லாமல் போவது. ஆற்றில் முதலை, கரையில் துப்பாக்கி. அதுவரை மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், என்னோடு பேசிய அன்று சாயங்காலம் நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். பையைக் கட்டிவிட்டு அவர்களுக்காகக் காத்திருந்தபோதுதான் அந்தக் கிளார்க் டிக்கெட் என்று சொல்லிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். இவர் தன் போர்வையை அவர்களிடம் கொடுத்து அனுப்பினார். அவர்கள் அக்கரை போய்ச் சேர்ந்தார்களா என்று இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. டிரம் நிரம்பியதும் மூடியைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

நான் அங்கேயே நின்றேன். பணத்தைப் பத்தொன்பது நாள் கட்டிக் காத்தவள், அந்த ஒரு வார்த்தையில் அவரை ஆற்றில் தள்ளப் பார்த்திருக்கிறேன்.

வருஷங்கள் போய்விட்டன. இப்போது காசு கையில் இருந்தால் அவருக்கு அவ்வளவாக வியர்ப்பதில்லை. எனக்குத்தான் பயம் விடவில்லை. ரிப்பேருக்கு என்று போனவர் பத்து நிமிஷம் தாமதித்தால் போன் பண்ணுகிறேன். எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா, எப்போது வருவாய் என்று கேட்கிறேன். பத்திரமா இருக்கிறாயா என்று மட்டும் என்னால் கேட்க முடிவதில்லை.